சர்டிபிகேட்டில் வைத்த மஞ்சள்

இதைப் படிக்கிறவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபத்தாறு வருஷம், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் இரும்புக் குழாயை மாட்டிக் கழற்றிய கை இது. பேனாவை மெதுவாகப் பிடிக்க வரவில்லை; அழுத்தி எழுதி எழுதித் தாளின் பின்பக்கம் தடித்துப்போகிறது. பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர போட்டிருப்பேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்டால் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஆனால் எழுதி முடிக்கும்வரை அந்த ஆளிடம் காட்ட முடியாத விஷயம் இது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற வழியில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் போர் வண்டிக்குப் போனவர்கள்தான். நானும் பதினேழு வயதில் ஏறினேன். ஆந்திரா, கர்நாடகா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியில் கிடப்போம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். கம்ப்ரசர் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லாம் கைஜாடை. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பேரைக் கேட்டால்கூட எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு அந்தச் சத்தம் பெரிய ஒத்தாசை.

என் மனைவி எனக்கு நேர் எதிர். விசைத்தறிப் பட்டறையில் தறிக்கு நூல் தார் சுற்றப் போவாள். அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலேயும் அவள் பேச்சு கேட்கும் என்று பட்டறைக்காரர் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்ததும் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன் என்றாள். பெங்களூரில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. அங்கேயே படித்து, அங்கேயே பரீட்சை எழுதி, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

நர்ஸ் என்றால் படித்தால் மட்டும் போதாது. அந்த மாநிலத்து நர்சுகளுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது. அதில் பேரைப் பதிந்து, ஒரு நம்பர் கொடுத்து, போட்டோ ஒட்டி, சீல் வைத்து ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால்தான் ஊசியைக் கையில் எடுக்கலாம். மகள் அதை வாங்கிக்கொண்டு ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆறு பேர், ஒரு அலமாரிக்குப் பூட்டுக்கூட இல்லை, ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னாள். போனில் படம் பிடித்துக்கொண்டு, ஜெராக்ஸ் பத்து எடுத்துக்கொண்டு மறுபடி வண்டியேறினாள்.

நானும் அந்தச் சமயம் வீட்டில் இருந்தேன். மகள் போன மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். மகளின் போட்டோவும் அவள் பேரும் மட்டும் எனக்குத் தெரிந்தது. என் பேரும் அதில் இருக்கிறது, அப்பா பேர் கேட்கிற இடத்தில். அதை மகள் விரல் வைத்துக் காட்டியிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோஷத்தை வாயால் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் முதலாளி புது வண்டி எடுத்தால், பாறையைக் குடைகிற பிட்டுக்கும் கம்ப்ரசருக்கும் பொட்டு வைப்பதோடு, ஆர்.சி. புத்தகத்துக்கும் மூலைக்கு மூலை மஞ்சள் வைத்துச் சாமி முன்னால் வைப்பார். மஞ்சளைக் குழைத்து வைக்கச் சொல்வது எப்போதும் என்னைத்தான். அதையே செய்தேன். ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து நாலு மூலையிலும் விரலால் தொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தேன்.

வாசல் கூட்டிவிட்டு உள்ளே வந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அதென்ன போர் வண்டியா? எலுமிச்சங்காய் நசுக்கி ஓட்டிட்டுப் போகப் போறீங்களா?"

"நல்லதுக்குத்தான்."

"நல்லதுதானுங்க. அங்க பாருங்க, ஒழுகுது."

மஞ்சள் தண்ணியாகிவிட்டது. மேல் மூலையில் வைத்தது இறங்கி, போட்டோவின் ஓரத்தில் பாதி ஏறியிருந்த வட்ட சீல்மேல் ஓடியிருந்தது. நான் பயந்துவிட்டேன். தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் துடைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. மஞ்சளோடு விட்டிருந்தால் மஞ்சள் கறை மட்டும் இருந்திருக்கும். துடைத்ததில் சீல் மை இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே நம்பரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். அதன் கடைசி இரண்டு எண்ணும் கலங்கிப்போனது. என் மனைவி ஓடிவந்து துண்டைப் பிடுங்கினாள். இரண்டு பேரும் அந்தக் காகிதத்தை வெயிலில் காயவைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தோம்.

"புள்ளைகிட்ட சொல்லிப்போடுங்க," என்றாள்.

சொல்கிறேன் என்றேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு எங்கே கேட்டாலும் ஜெராக்ஸே போதுமாக இருந்தது. நானும் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மறக்க முயன்றேன்.

பிறகு என் மனைவிக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. சேலத்தில் காட்டியபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். நான் போர் வண்டி வேலையை விட்டுவிட்டேன். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் இரண்டு பெரிய ஊசி குத்தி, ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்ற நாலு மணி நேரம். ஊசி குத்தும்போது மட்டும் அவள் என் பக்கம் திரும்பிக்கொள்வாள். சில நாள் ஒரே குத்தில் கிடைக்கும். சில நாள் மூன்று நாலு தடவை குத்துவார்கள்.

"என்ற புள்ள குத்துனா இப்படி வலிக்காதுங்க," என்று அங்கே இருந்த மேட்ரனிடம் ஒருநாள் சொன்னாள்.

"உங்க பொண்ணு நர்ஸாக்கா?"

"பெங்களூர்ல. இதே மிஷின்லதான் வேலையாம்."

அந்த மேட்ரன் நல்ல பெண். "எனக்கு இங்க ஆள் பத்தல. வரச் சொல்லுங்க. ஆனா அங்க பதிஞ்சதை நம்ம மாநிலத்துக்கு மாத்திட்டு வரணும். நான் ஒரு இடம் பிடிச்சு வைக்கிறேன்," என்றாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி தூங்கவே இல்லை. மகள் வந்தால் எந்த ரூமில் படுப்பாள், காலை பஸ்ஸில் மூன்று பேரும் சேர்ந்தே போகலாம், அவள் வேலை பார்க்கிற இடத்திலேயே தான் படுத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். "நாலு மணி நேரமும் அவ மொகத்தைப் பார்த்துட்டுக் கெடப்பேன்," என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வேலையை விட்டுவிட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று மகள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்தி. "காகிதத்தை மாத்திக்கிட்டு வா சாமி, எங்க போயிரப் போறேன் நானு," என்று இவள்தான் நிறுத்தினாள்.

அங்கே இருக்கிற கவுன்சில், இந்தப் பெண்ணை அனுப்ப எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். அதை வைத்துச் சென்னையில் பதிய வேண்டும். அதற்கு ஒரிஜினல் வேண்டும். "அப்பா, பெட்டியில இருக்கறதை எடுத்துட்டு வாங்க, தபால்ல போட வேண்டாம்," என்று மகள் போனில் சொன்னாள்.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கறை பழுப்பேறி இன்னும் நன்றாகத் தெரிந்தது. என் மனைவி கட்டிலில் இருந்தபடியே, "இப்பவாவது போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க," என்றாள். நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவ்வளவாகக் கவனிக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

சேலத்தில் பஸ் ஏறி மத்தியானத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்தேன். மகள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள். கவரை வாங்கித் திறந்துகூடப் பார்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு உப்புச் சேர்க்கிறீர்களா, தண்ணீர் அளந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கவுன்சில் ஆபீசில் எங்களுக்கு முன்னால் இருபது பெண்கள். எல்லாம் என் மகள் வயதுதான். எங்கள் முறை வந்தபோது கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் சர்டிபிகேட்டைக் கவரிலிருந்து எடுத்தாள். விரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

'நம்பரை யார் அழித்தது' என்று கன்னடத்தில் கேட்டாள். எட்டு வருஷம் அந்த நாட்டில் குழி போட்டவன் நான். மகள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நான்தான் என்று கன்னடத்திலேயே சொல்லவும் எனக்குத் தெரியும்.

மகள் திரும்பினாள். "ஏனுங்கப்பா, இது என்னாச்சு?"

பின்னால் அத்தனை பெண்கள். "ஊட்டுலதான் இருந்துச்சு," என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

"மஞ்சள் வச்சது யாருப்பா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, என்ற சர்டிபிகேட்டுல மஞ்சள் வச்சது யாரு?"

போனில் பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் சாமி. ஏன்?"

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கறே. போதாததுக்கு ஈரத்துணியில தொடச்சு வேற இருக்கறே. உன்னைய என்னதான் பண்றது நானு?"

"தெரியாம பண்ணிப்போட்டேன் சாமி. அந்த அம்மாகிட்ட நான் வேணா பேசட்டுமா? என்ற ஒடம்பைச் சொல்லிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம், வச்சுடு."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சர்டிபிகேட்டை வைத்து எதுவும் செய்ய முடியாது, திருத்தியது போல இருக்கிறது, திரும்ப ஒப்படைத்துவிட்டுப் புதுப் பிரதிக்கு மனுப் போட வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். முத்திரைத்தாளில் உறுதிமொழி, பேப்பரில் விளம்பரம், படித்த காலேஜிலிருந்து ஒரு கடிதம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

என்னை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட மகள் வந்தாள். ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இந்த அம்மாவைப் பாருங்கப்பா," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "கோவப்படவாவது முடிஞ்சாத் தேவலை. ஒடம்பு முடியாதவகிட்ட எப்படிக் கோவப்படறது?" என்றாள். பஸ் வர இருபது நிமிஷம் இருந்தது. அந்த இருபது நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மோர் வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம், "நீ எதுக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்ன, நீங்க வாயைத் தொறக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? அத்தன பேர் மத்தியில நின்னு முழிச்சிட்டு இருந்திருப்பீங்க."

"நான் சொல்லிப்போடறேன்."

"எப்ப? என்னைய எடுத்த பொறகா?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இப்பச் சொல்லாதீங்க. உங்க மேலன்னா புள்ளைக்குக் கோவம் நிக்கும். என் மேலன்னா சீக்காளின்னு விட்டுப்போடும். காகிதம் வரட்டும். வந்ததும் நானே சொல்லிச் சிரிக்கிறேன்."

அது ஆவணி மாதம். புதுப் பிரதி வருவதற்குக் கார்த்திகை ஆகிவிட்டது. மகள் லீவு கிடைக்கிறபோதெல்லாம் அந்த ஆபீசுக்கு நடந்தாள். வாரம் ஒருமுறை அம்மா போன் போட்டு, "வந்துருச்சா?" என்பாள். "இன்னும் இல்லம்மா." "சரி, அவங்களும் எத்தன பேர்த்துக்குத்தான் எழுதுவாங்க." இதற்கு மேல் பேசமாட்டாள். மேட்ரன் மூன்று மாதம் இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கட்டில் பக்கம் வந்து, "அக்கா, மேல இருந்து கேக்கறாங்க, வேற பொண்ணைப் போட்டுட்டோம். உங்க பொண்ணு வரும்போது பார்த்துக்கலாம்," என்றாள். புதிதாக வந்த பெண்தான் அன்றைக்கு ஊசி குத்தினாள். சின்னப் பெண், நரம்பு சரியாகப் பிடிபடவில்லை. மூன்று தடவை குத்தினாள். என் மனைவி என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

ஆட்சேபணை இல்லை என்கிற காகிதம் மார்கழிக் கடைசியில் வந்தது. மகள் லீவு போட்டுச் சென்னைக்குப் போய் மனுவைக் கொடுத்தாள். அங்கேயும் சரிபார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார்கள். அவள் பெங்களூர் திரும்பிய பத்தாம் நாள், தை மாதம், என் மனைவிக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் சேர்ந்துவிட்டது என்று தீவிரச் சிகிச்சை அறையில் வைத்தார்கள். மகள் சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்தாள். அதற்குள் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கதவுக்கு வெளியே அவள் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இப்படிப்பட்ட மிஷின்களோடு தினமும் வேலை பார்க்கிறவள் அவள். உள்ளே கேட்கிற ஒவ்வொரு சத்தமும் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ் இல்லை, நோயாளியின் மகள். கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல், கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றாள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி உள்ளே விடுவார்கள். அந்த அரை மணியில் அம்மாவின் தலையைச் சீவிவிட்டாள், உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்தாள். ஊசி போட்டிருந்த கையைத் தடவிக்கொடுத்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னதும், சரிங்க சிஸ்டர் என்று வெளியே வந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு அவள் கையால் ஒரு ஊசிகூடப் போடவில்லை.

பங்குனியில் சென்னையிலிருந்து நம்பர் வந்தது. மகள் பெங்களூரை விட்டுவிட்டு வந்து அதே ஆஸ்பத்திரியில், அதே டயாலிசிஸ் அறையில் சேர்ந்தாள். வேறு இடம் பார்க்கலாமே என்றேன். "அங்கயே இருக்கறேன்ப்பா," என்றாள். இப்போது காலை முதல் பஸ்ஸில் அவள் தனியாகப் போகிறாள். மிஷினில் படுத்திருக்கிற அம்மாக்கள் அவள் கையால்தான் குத்திக்கொள்வோம் என்று காத்திருப்பார்களாம். மேட்ரன் சொன்னாள்.

இதை எழுத வைத்தது போன மாதம் நடந்தது. என் மனைவிக்கு வருஷத் திதி. அவளோடு பட்டறையில் வேலை பார்த்த ஒரு அம்மாள் வந்திருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும், "கடைசிக் காலத்துல பக்கத்துல இருக்கோணும்னு அப்படித் தவிச்சாளே சாமி, நீ கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கக் கூடாதா?" என்று என் மகளைக் கேட்டாள்.

மகள் இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எப்படிங்க வாரது? சர்டிபிகேட்டுல மஞ்சளை வச்சுத் தொடச்சுக் கெடுத்து வச்சுட்டாங்க அம்மா. அதுலயே அஞ்சு மாசம் போச்சு. பாவம், அவங்க ஆசையை அவங்களே கெடுத்துக்கிட்டாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துப் பழகியதைப் போலச் சொன்னாள். அந்த அம்மாள், "தெரியாத்தனமா பண்ணிப்போட்டா," என்று தலையாட்டினாள். நான் கை கழுவுகிற இடத்தில் நின்றிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று தடவை சொல்லப் போனேன். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவளை ஏற்றிவிடும்போது. ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது. ஒருநாள் அவளே, "என்னப்பா, ஏதோ சொல்ல வாரீங்க?" என்று கேட்டாள். "அரிசி தீர்ந்துபோச்சு," என்றேன். அவள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். பாதி இருந்தது. மூடிவிட்டாள்.

பேச வராது என்று தெரிந்த பிறகுதான் இந்த நோட்டை வாங்கினேன். ஒன்பது நாளாக எழுதுகிறேன். மகளே, மஞ்சள் வைத்தது நான். துடைத்ததும் நான். உன் அம்மா எனக்காகப் பழியை ஏற்றுச் சொன்னாள், நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். காகிதம் வந்ததும் உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தாள். அவள் தன் ஆசையைத் தானே கெடுத்துக்கொள்ளவில்லை. உன் மனதில் அந்த எண்ணம் இருக்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. என் மேல் கோபம் நின்றால் நிற்கட்டும். அவள் மேல் காட்ட முடியாமல் போன கோபத்தையும் சேர்த்து என் மேலேயே காட்டு.

இன்றைக்கு மகளுக்குப் பகல் டூட்டி. ஆறு மணி பஸ்ஸில் இறங்குவாள். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். போகப்போவதில்லை. அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மாசி பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை.